மணி அடித்த பிறகு என்ன செய்கிறீர்கள்?

கழுத்து வலி என்று வருகிறவர்களிடம் இடைவேளையைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்கும் பழக்கம் எனக்கு ஒருவரால்தான் வந்தது. நாள் முழுவதும் கணினியில் மொழிபெயர்ப்பு வேலை செய்பவர். "நேரத்தைக் கணக்காகப் பிரித்துத்தான் வேலை செய்கிறேன், டாக்டர். அப்படியும் வலி விடவில்லை" என்றார்.

அவர் பின்பற்றியது பொமோடோரோ முறை. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் தவித்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைத்துத் தொடங்கிய முறை இது. இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு; நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு.

என் மேசையிலேயே உட்காரச் சொல்லி, மணி அடித்ததும் வழக்கமாகச் செய்வதைச் செய்து காட்டச் சொன்னேன். வலது கை மவுஸை விட்டுக் கைபேசியை எடுத்தது. முழங்கை மேசையில் ஊன்றியது. தலை தாழ்ந்தது. 5 நிமிடமும் அப்படியே. மறுபடி மணி அடித்தபோது கண் மட்டும் கணினித் திரைக்குத் திரும்பியது. இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு விரற்கடைகூட எழவில்லை.

கழுத்தைப் பொறுத்தவரை அதுவும் வேலை நேரம்தான். சொல்லப்போனால் முன்னதைவிடக் கடினமான வேலை. தலை முன்னால் குனியக் குனிய, அதைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகளின் சுமை ஏறிக்கொண்டே போகும்.

கண்ணின் கதையும் இதேதான். அருகில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை இறுகியே இருக்கிறது. திரையில் மூழ்கும்போது இமைப்பதும் குறைந்துபோகிறது. பெரிய திரையிலிருந்து சின்னத் திரைக்கு மாறினால் அதற்கு என்ன ஓய்வு கிடைக்கும்? 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் ஒன்றை 20 விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளுக்கோ வளர்ந்தவர்களிடம் நேரடி ரத்த ஓட்டம் அநேகமாக இல்லை. அசைவில் அழுத்தம் கூடிக் குறையும்போது ஊட்டம் உள்ளே செல்ல வழி கிடைக்கிறது. எழுந்து நான்கு எட்டு நடப்பது அவற்றுக்கு உணவு நேரம்.

மனத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். இடைவேளையில் அரைகுறையாகப் படித்த ஒரு செய்தி, அடுத்த சுற்று முழுவதும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருப்பதை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். எழுவதற்கு முன், "திரும்பி வந்ததும் இதிலிருந்து தொடங்க வேண்டும்" என்று ஒரே ஒரு வரியைத் தாளில் எழுதி வைக்கச் சொல்கிறேன். திரும்பி உட்கார்ந்ததும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

25 நிமிடம் என்பது வேதவாக்கு அல்ல. நிரல் எழுதுகிறவர்களுக்கு எண்ணம் கூடி வரும் நேரத்தில் மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அவர்கள் 50 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் அரை நிமிடம் எழுந்து நின்று, அதே சிந்தனையோடு மறுபடி உட்காரட்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் வேலைக்கு 10 நிமிடச் சுற்றுகூடப் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கை மரத்துப்போனாலோ, வலி தோளிலிருந்து விரல் வரை இறங்கினாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ கடிகாரத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அந்த மொழிபெயர்ப்பாளருக்கு அப்படி எதுவும் இல்லை. சில பயிற்சிகள் கொடுத்தேன். கைபேசியை அடுத்த அறையில் வைக்கச் சொன்னேன். மூன்றாவது வாரம் வந்தபோது தலையை இரு பக்கமும் தயங்காமல் திருப்பிக் காட்டினார். மேசையிலிருந்த பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டுச் சின்னக் குவளை வைத்திருக்கிறாராம். நிரப்புவதற்காகவே அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதாம். அது நான் சொல்லிக்கொடுத்ததல்ல. இப்போது வருகிறவர்களிடம் எல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.