எக்ஸ்கம்யூனிகேஷன்: விலகலா, விலக்கலா?

2014 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மார்மன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு சபையின் ஆயரும் அவருடைய ஆலோசகர்கள் இருவரும் உட்கார்ந்து, அங்கே இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி விசாரணை நடத்தினார்கள். பெண்ணின் பெயர் கேட் கெல்லி. மனித உரிமை வழக்கறிஞர். ஸ்பெயினில் மார்மன் ஊழியம் செய்துவிட்டு வந்தவர், சபையின் பல்கலைக்கழகத்திலேயே படித்தவர். அப்போது அவர் யூட்டா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். ஆனால் அவருடைய உறுப்பினர் பதிவைப் புது ஊருக்கு மாற்ற விடாமல் பழைய சபையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். மறுநாள் முடிவு மின்னஞ்சலில் வந்தது. சபையின் சட்டத்துக்கும் ஒழுங்குக்கும் மாறாக நடந்துகொண்டதால் அவர் ‘எக்ஸ்கம்யூனிகேட்’ செய்யப்பட்டார் என்று அதில் இருந்தது.

அவர் செய்தது என்ன? பெண்களுக்கும் ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் குருநிலை, தர வேண்டும் என்று கேட்டார். அதற்காக 2013 மார்ச்சில் ‘ஆர்டெய்ன் விமன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கேள்வி கேட்டது குற்றமில்லை, மற்ற உறுப்பினர்களையும் தன் பக்கம் இழுக்க முயன்றதுதான் குற்றம் என்பது ஆயர் கடிதத்தின் சாரம்.

அந்த ‘எக்ஸ்கம்யூனிகேட்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே கேள்வி. மதநீக்கம், மதவிலக்கு, சபை விலக்கு, சாதி பிரஷ்டம், புறம்பாக்கல் என்று கைக்கு வந்ததை எடுத்துப் போடுகிறோம். சில நேரம் ‘சபையிலிருந்து விலகினார்’ என்றே எழுதிவிடுகிறோம். அது வெறும் சொற்பிழை இல்லை. நடந்ததைத் தலைகீழாக்கிச் சொல்வது.

முதலில் வேரைப் பார்ப்போம். லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘கொம்முனிஸ்’ என்றால் பொதுவானது, பலருக்கும் உரியது. அதற்குள்ளே ‘முனுஸ்’ என்ற சொல் இருக்கிறது. அதற்குக் கடமை, கொடை என்று இரண்டு பொருளும் உண்டு. கடமையையும் கொடையையும் பகிர்ந்துகொள்கிறவர்களின் கூட்டம் ‘கொம்முனியோ’. அதற்கு வெளியே ஒருவரை நிறுத்துவது எக்ஸ்கம்யூனிகேஷன். கம்யூனிட்டி, கம்யூனிசம் எல்லாம் இதே வேரில் முளைத்தவைதான். இந்தச் சொல்லுக்குள் ‘கம்யூனிகேஷன்’ தெரிவதால் இதைத் ‘தொடர்பு துண்டிப்பு’ என்று நினைத்துவிட இடமுண்டு. பேச்சுத் தொடர்பு இங்கே பொருள் இல்லை. பங்குதான் பொருள்.

அந்தப் ‘பங்கு’க்குத் தமிழ்க் கிறிஸ்தவத்தில் அழகான சொற்கள் இருக்கின்றன. தமிழ் வேதாகமம் ‘ஐக்கியம்’ என்கிறது. கத்தோலிக்கர்கள் விசுவாச அறிக்கையில் ‘புனிதர்களின் சமூக உறவு’ என்கிறார்கள். ஆகவே லத்தீன் சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் ‘ஐக்கியத்துக்குப் புறம்பாக்கல்’ என்று வரும். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடரின் கதையைப் படித்தவர்களுக்குப் ‘புறம்பாக்குதல்’ புதிதாக இருக்காது. இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கை செய்பவரை ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்குவது என்று கட்டுப்பாடு செய்திருந்தார்கள் என அங்கே வருகிறது. பார்வை பெற்றவரின் பெற்றோர், மகனுக்கு எப்படிப் பார்வை வந்தது என்று சொல்லவே பயப்படுகிறார்கள். புறம்பாக்கல் என்ற சொல்லில் அந்தப் பயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஆனால் இன்றைய செய்தி நடையில் அது எல்லோருக்கும் புரியுமா என்பது சந்தேகம்தான்.

மதநீக்கம், மதவிலக்கு இரண்டையும் விட்டுவிடலாம். ஒரு சபை தன் பதிவேட்டிலிருந்து ஒருவர் பெயரை எடுக்க முடியும். அவருடைய மதத்தை எடுக்க முடியாது. சாதி பிரஷ்டம், ஊர்விலக்கு இரண்டும் வேறு வகை. அவற்றில் ஊரார் யாரும் பேசக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு இருக்கும். மார்மன் சபையில் அப்படி விதி இல்லை. நீக்கப்பட்டவர் ஞாயிறு ஆராதனைக்கு வரலாம், உட்காரலாம். அப்படியானால் எதை இழக்கிறார்?

இந்த இடத்தில்தான் மார்மன்களின் எக்ஸ்கம்யூனிகேஷன் கத்தோலிக்கர்களுடையதிலிருந்து பிரிகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் அழியாத முத்திரை. தண்டனை பெற்றவரும் ஞானஸ்நானம் பெற்றவராகவே இருப்பார். மார்மன் சபையில், அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், ஞானஸ்நானமே இல்லாமல் போய்விடும். திரும்பி வர வேண்டுமென்றால் மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும். ஆலயத்தில் கணவனோடும் பிள்ளைகளோடும் நித்தியத்துக்கும் முத்திரிக்கப்பட்டதாக நம்பும் அந்த ஆசீர்வாதமும் நிறுத்தப்படும். கூட்டத்தில் ஜெபிக்கக்கூடாது, பேசக்கூடாது, தசமபாகம் கொடுக்கக்கூடாது, ஆலயச் சடங்கில் பெற்ற புனித உள்ளாடையை அணியக்கூடாது. திருவிருந்தில் அப்பமும் தண்ணீரும் தட்டில் வரும்போது, எடுக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட வேண்டும். குடும்பம் மரணத்துக்கு அப்பாலும் சேர்ந்திருக்கும் என்று நம்பி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்பதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, இதை யார் தீர்மானிப்பது? மார்மன் சபையில் ஏறத்தாழ 12 வயதிலிருந்தே பையன்கள் ஆசாரியத்துவம் பெறுகிறார்கள். பெண்கள் எந்த வயதிலும் பெறுவதில்லை. ஆயர், பல சபைகளை மேற்பார்க்கும் பிணையத் தலைவர், சபையின் உயர்மட்டத் தலைவர்களான அப்போஸ்தலர்கள் எல்லோரும் ஆண்கள். 2020 வரை இருந்த விதி இன்னும் கூர்மையானது. உயர்நிலை ஆசாரியத்துவம் உள்ள ஓர் ஆணை நீக்குவதென்றால் பிணையத் தலைவர், இரண்டு ஆலோசகர்கள், 12 பேர் கொண்ட மன்றம் எல்லோரும் கூட வேண்டும். அந்தப் 12 பேரும் சீட்டு எடுப்பார்கள். இரட்டைப்படை எண் எடுத்தவர்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவமதிப்போ அநீதியோ நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1830களிலேயே வேத நூலில் எழுதி வைத்த பாதுகாப்பு இது. ஒரு பெண்ணை நீக்க அவ்வளவு தேவையில்லை. ஆயரும் இரண்டு ஆலோசகர்களும் போதும். கேட் கெல்லி கேட்டது ஆசாரியத்துவம். அது இல்லாததால்தான் அவருடைய வழக்கைச் சின்ன மன்றமே முடித்துவிட முடிந்தது.

அந்த மன்றத்தை மார்மன்கள் ‘அன்பின் நீதிமன்றம்’ என்று சொல்வது வழக்கம்.

குற்றத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். கெல்லி மீது சாட்டிய குற்றம் ‘அப்போஸ்டஸி’. கிரேக்கத்தில் ‘அப்போ’ என்றால் விட்டு, ‘ஸ்டாஸிஸ்’ என்றால் நிற்பது. விலகி நிற்பது, எதிர்த்து எழுவது என்று பொருள். தமிழ் வேதாகமம் இதை ‘விசுவாச துரோகம்’ ஆக்கியது. மூலத்தில் இல்லாத துரோகம் தமிழில் வந்து ஏறிக்கொண்டது. கெல்லி விலகியா நின்றார்? 2013 அக்டோபரிலும் 2014 ஏப்ரலிலும் சால்ட் லேக் நகரத்தின் ஆலயச் சதுக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு மட்டுமான ஆசாரியத்துவக் கூட்டத்துக்கு வெளியே, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வாசலுக்குப் போய் உள்ளே விடும்படி கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மரியாதையாக மறுப்புச் சொல்லப்பட்டது. உள்ளே போகக் கேட்டவருக்கு ‘விலகி நின்றவர்’ என்று தீர்ப்பு.

கெல்லி முதல் ஆளும் இல்லை. 1979 டிசம்பரில், அதே வர்ஜீனியாவில், சோனியா ஜான்சன் நீக்கப்பட்டார். ஐடஹோ மாநிலத்துப் பழைய மார்மன் குடும்பம், நான்கு பிள்ளைகளின் தாய். பாலின அடிப்படையில் சட்ட உரிமை மறுக்கக்கூடாது என்ற அரசமைப்புத் திருத்தத்தைச் சபை எதிர்த்தபோது, அவர் ஆதரித்தார். 1978இல் செனட் துணைக் குழு முன்பு போய்ப் பேசினார். திருத்தத்தை ஆதரித்ததற்காக நீக்கவில்லை, சபையையும் அதன் தலைமையையும் எதிர்த்துப் பேசியதற்காகவே நீக்கினோம் என்று சபை விளக்கம் தந்தது. 35 வருடம் கழித்துக் கெல்லிக்கும் ஏறக்குறைய இதே விளக்கம்தான் கிடைத்தது.

இரண்டுக்கும் நடுவே 1993 செப்டம்பர். அந்த வருடம் மே மாதத்தில் அப்போஸ்தலர் பாய்ட் பேக்கர், சபைக்கு வந்திருக்கும் மூன்று ஆபத்துகளில் ஒன்றாகப் பெண்ணிய இயக்கத்தையும் சொல்லியிருந்தார். செப்டம்பரில் எழுத்தாளர்களும் அறிஞர்களுமாக ஆறு பேர் மீது நடவடிக்கை பாய்ந்தது. ‘செப்டம்பர் அறுவர்’ என்ற பெயர் அதனால் வந்தது. ஐந்து பேர் நீக்கப்பட்டார்கள். லின் வைட்சைட்ஸ் என்பவருக்கு ஒரு படி குறைவான தண்டனை, ‘டிஸ்ஃபெலோஷிப்’. உறுப்பினராக இருக்கலாம், ஆனால் சலுகைகள் கிடையாது. தமிழில் இதை ‘ஐக்கியத் தடை’ எனலாம். நீக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்த ஐவரில் ஒருவர் லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன். சபைத் தலைமை அறிஞர்களையும் பெண்ணியர்களையும் எப்படி நடத்தியது என்று தேதிவாரியாகத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். அதுதான் அவர் செய்த குற்றம். நீக்கிய பிறகும் அவர் சால்ட் லேக் நகரத்தில் தன் சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. வாரா வாரம் போனார். தட்டு வரும், எடுக்காமல் நகர்த்துவார். 26 வருடம் இப்படியே போயிற்று. 2019இல் உள்ளூர்த் தலைவர்கள் அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதித்து மேலே அனுப்பினார்கள். சபையின் மிக உயர்ந்த பீடமான முதல் தலைமை மறுத்துவிட்டது. 2023இல் உறுப்பினர் அல்லாதவராகவே இறந்துபோனார். இவரைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘சபையை விட்டு விலகியவர்’ என்று யாராவது எழுதினால் எனக்குத் தாங்காது.

2020 பிப்ரவரியில் சபை தன் கையேட்டில் சொற்களை மாற்றியது. ஒழுங்கு நடவடிக்கை மன்றம் என்பது ‘உறுப்பினர் மன்றம்’ ஆனது. எக்ஸ்கம்யூனிகேஷன் என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘வித்டிராயல் ஆஃப் மெம்பர்ஷிப்’ என்று வைத்தார்கள். ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். ஆலயச் சடங்கு பெற்றவர் ஆணானாலும் பெண்ணானாலும் உறுப்பினர் நிலையை எடுப்பதென்றால் இனிப் பிணையத் தலைவர்தான் மன்றத்தைக் கூட்ட வேண்டும். அந்த அளவுக்கு விதி சமமாகியிருக்கிறது. ஆனால் தீர்ப்பளிப்பவர்கள் இன்றும் ஆண்கள்தான்.

புதிய சொல்லின் சிக்கல் வேறு. ‘வித்டிராயல்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் யார் எடுத்தது என்று தெரியாது. தானாகப் போனதற்கும் அதுதான், பிடுங்கியதற்கும் அதுதான். மார்மன் சபையில் இந்த இரண்டும் உண்மையிலேயே தனித்தனிச் செயல்கள். தாமாகவே கடிதம் எழுதித் தம் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கெல்லி நீக்கப்பட்டபோது மனம் வெறுத்து அப்படிச் செய்தவர்களும் உண்டு.

நல்லவேளையாகத் தமிழ் இதில் நம்மைத் தப்பிக்க விடாது. விலகு, விலக்கு. நீங்கு, நீக்கு. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. ஒரு க் வந்தால் செய்தவர் மாறிவிடுவார். விலகல் என்றால் அவரே போனார், விலக்கல் என்றால் அனுப்பினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளத் தமிழில் இடமில்லை. எழுதுகிறவர் யார் செய்தது என்று தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். ‘உறுப்பினர் நிலை விலகல்’ என்று 2020 சொல்லை மொழிபெயர்த்தால் பிழை. ‘உறுப்பினர் நிலை பறிப்பு’ என்றால் கொஞ்சம் கடுமை. ‘உறுப்பினர் நீக்கம்’ போதும்.

பொதுச் சொல்லாக நான் பரிந்துரைப்பது சபைநீக்கம். கத்தோலிக்கச் சூழலில் ஞானஸ்நானம் அழியாது என்பதால் அங்கே ‘திருச்சபை ஐக்கிய விலக்கு’ என்பது இன்னும் பொருந்தும். மார்மன் சபையில் பெயரே போய்விடுவதால் நீக்கம்தான் சரி. தானாகப் போனவருக்குச் சபைநீங்கல், அல்லது நேராகவே ‘சபையை விட்டுப் போனார்’.

வினையாக எழுதும்போது ‘சபைநீக்கம் செய்யப்பட்டார்’ என்று செயப்பாட்டில் போய் முட்டாமல், செய்தவரையும் சேர்த்து எழுதினால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும்: ‘கேட் கெல்லியை 2014 ஜூனில் வர்ஜீனியாவில் அவருடைய சபையின் ஆயரும் ஆலோசகர்களும் நீக்கினார்கள்.’ ‘சோனியா ஜான்சனை 1979இல் அவருடைய சபை நீக்கியது.’ ‘லவீனா ஆண்டர்சனைச் சபை நீக்கியது. அவர் நீங்கவில்லை.’