இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே நிற்கும் மரம் யாருடைய பொறுப்பு?

சென்னைப் புறநகரில் இரண்டு மனைப்பிரிவுகளின் சுற்றுச்சுவர்களுக்கு இடையே பத்தடி அகலத்தில் ஒரு துண்டு நிலம்; அதில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தார் வழக்கறிஞரான என்னிடம் வந்தனர். மரம் தங்களுடையதல்ல என்று அடுத்த சங்கம் எழுதிய கடிதம் அவர்கள் கையில் இருந்தது. தங்களுடையதும் அல்ல என்று பதில் எழுதித் தரும்படி கேட்டார்கள். பதில் எழுதுமுன் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி வேரூன்றி நிற்கும் மரம் நிலத்தைச் சேர்ந்தது; நிலம் கைமாறும்போது, வேறு விதமாக எழுதியிராவிட்டால், மரமும் உடன் செல்லும். ஆகவே நட்டவர் யார், நிழலில் வண்டி நிறுத்துபவர் யார் என்ற வாதங்கள் உரிமையைத் தீர்மானிப்பதில்லை. நில அளவை வரைபடமான புலப்படத்தையும், நிலத்தின் வகையையும் உடைமையாளரையும் காட்டும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தால் இத்தகைய துண்டு நிலம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: பழைய வாய்க்கால் அல்லது வண்டிப்பாதைப் புறம்போக்கு, தானப் பத்திரம் வழியாக உள்ளாட்சிக்குக் கொடுத்த பூங்கா அல்லது சாலை இடம், மனைகள் விற்றுத் தீர்ந்த பின்னும் பழைய நில உடைமையாளர் பெயரிலேயே பட்டா நீடிக்கும் மிச்ச நிலம். இந்த வழக்கில் அது வாய்க்கால் புறம்போக்கு.

அரசு நிலம் என்றதும் வந்தவர்கள் நிம்மதியடைந்தார்கள். ஆனால் நேரில் போய்ப் பார்த்தபோது, அவர்கள் பக்கத்தில் மழைநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் மணிக்கட்டுப் பருமனுள்ள வேர்கள் மூன்று அறுபட்டு, முனை கறுத்துக் கிடந்தன. மறுபக்கத்தில் அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். அதற்கு ஒரு சாண் மேலே உள்ளங்கை அகலத்தில் தட்டுக் காளான் முளைத்திருந்தது. அடிமரத்தில் அத்தகைய காளான் தென்பட்டால் உள்ளே கட்டை மக்குகிறதா என்று உடனே சோதிக்க வேண்டும். மரம் எங்களுடையதல்ல என்று சொன்ன இரு தரப்புமே அதன் பிடிமானத்தில் கை வைத்திருந்தனர். நிலத்துக்கு உரிமையில்லை என்றாலும், வேரை அறுத்தவர் அதனால் விளையும் சேதத்துக்குப் பதில் சொல்ல நேரிடலாம்.

சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த ராஜ்கோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் மாநகராட்சியைப் பொறுப்பாக்க மறுத்தது. அந்தத் தீர்ப்பைக் கவசமாக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருந்ததா என்பது இத்தகைய வழக்குகளில் பெரிய கேள்வி. படத்துடன் எழுத்துமூலம் புகார் போன பிறகு, தெரியாது என்று சொல்வது கடினம். அந்தப் புகாரை எழுத எவரும் நில உரிமையாளராக இருக்கத் தேவையில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயலில் சாய்ந்த மரங்களைப் பார்த்த ஊரில் இதை எழுதத் தயங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது.

புறம்போக்கு மரத்தை அனுமதியின்றி வெட்டக்கூடாது. உச்சியை மொட்டையடிப்பதும் தீர்வல்ல, ஏனெனில் அதன்பின் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் உறுதியாகப் பற்றியிருப்பதில்லை. இரு சங்கங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு வட்டாட்சியரிடம் கொடுத்தன. அனுமதி வந்தபின் சாய்வுப் பக்கக் கிளைகளின் பாரம் மட்டும் குறைக்கப்பட்டது, சிமெண்டுத் தளம் பெயர்க்கப்பட்டது, பள்ளம் மண்ணால் மூடப்பட்டது. ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் அடிமரத்தைப் பார்த்துத் தேதியுடன் படம் எடுப்பதென்றும், செலவைச் சரிபாதியாகப் பகிர்வதென்றும் எழுதிய உடன்படிக்கையின் நகல் இரு சங்க அலுவலகங்களிலும் இருக்கிறது.