பூப்போட்ட பழைய கோப்பையில் தேநீர் ஊற்றும் முன்

போன மாதம் ஒரு அம்மா, ஆறு பழைய சீனக் கோப்பைகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். உள்ளேயும் வெளியேயும் ரோஜா நிறப் பூக்கள். "தினமும் இதில்தான் எலுமிச்சை டீ" என்றார் பெருமையாக. பழைய பீங்கானைச் செப்பனிட்டுக் காப்பது என் தொழில். உள்பக்கப் பூக்கள் பளபளப்பு போய், சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

அந்த ரோஜா நிறம் சீனப் பீங்கானில் 1720களை ஒட்டிப் பரவியது. நிறத்தைத் தருவது நுண்ணிய தங்கத் துகள். அதோடு ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த வெள்ளையைச் சேர்த்தால், இதழின் நுனியிலிருந்து அடிவரை நிறம் மெல்ல மெல்ல வெளுக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத அழகு அது. சீனாவின் பீங்கான் நகரான ஜிங்தேஜென்னின் சூளைகளில் பீங்கானைச் சுமார் 1300 டிகிரி செல்சியஸில் சுட்டு எடுத்து, மெருகின் (பீங்கான் மேல் படியும் கண்ணாடிப் பூச்சு) மேல் வண்ணம் தீட்டி, மறுபடி 700, 800 டிகிரியில் சுடுவார்கள். அந்தக் குறைந்த சூட்டில் வண்ணம் உருகிக் கண்ணாடியாவதற்குத்தான் ஈயம். அது மேற்பரப்பிலேயே நிற்பதால், புளிப்பு பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பானத்தில் இறங்கும். நீலப் பூ அப்படியல்ல. கோபால்ட்டால் வரைந்து, மேலே மெருகு பூசி, ஒன்றாகச் சுடுவதால் நிறம் உள்ளே அடைபட்டுவிடும்.

"ராஜாவே இதில் குடித்தாரே?" என்று கேட்டார் அந்த அம்மா. நியாயமான கேள்விதான். சீனாவை ஆண்ட சியான்லாங் பேரரசர் பனிநீரைக் கொதிக்கவைத்து, பிளம் பூ, பைன் விதை, 'புத்தர் கை' எனும் நாரத்தை வகை மூன்றும் சேர்த்த தேநீரை விரும்பினார். அதைப் பற்றி 1746இல் கவிதை எழுதி, அதைக் கோப்பைகளிலும் பொறிக்கச் செய்தார். ஆனால் அவர் கைக்கு வந்தது புதுக் கோப்பை. நம்மிடம் இருப்பது பல காலம் தேய்ந்தது. தவிர, ஈயம் குடித்த அன்றே எதையும் காட்டாது, எலும்பில் சேர்ந்துகொண்டே போகும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம்.

கோப்பையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வண்ணம் விரலுக்கு மேடாகத் தட்டுப்பட்டால் அது மெருகின் மேல் தீட்டியது. அப்படிப்பட்டதில், அதுவும் மங்கியிருந்தால், எதையும் ஊற்றிக் குடிக்காதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். எக்ஸ்ரே கருவி ஈயம் இருப்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு இறங்குகிறது என்று அறிய, ஆய்வகத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள்.

அந்த அம்மாவிடம் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொன்னேன். கோப்பைகள் இப்போது கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன.