சான்று இல்லை என்று பள்ளியில் சேர்க்க மறுத்தால்

"மாற்றுத்திறனாளி சான்று வாங்கிட்டு வாங்க, அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று ஒரு பள்ளி சொன்னால் அது சட்டப்படி தவறு. தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம், கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி பக்கம் இந்த ஒரு பேச்சை நம்பி ஏழெட்டு வயது வரை வீட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டுமே உங்கள் பக்கம். சட்டம் பற்றி இவ்வளவு போதும்.

முடியாது என்றால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள், சேர்த்துக்கொள்வார்கள். அப்படியும் மசியாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள், தொடக்கப் பள்ளிகள் அவர் பொறுப்பு.

அடுத்த பொறி இன்னும் மோசம். "வீட்டிலேயே இருக்கட்டும், டீச்சர் வந்து சொல்லித் தருவாங்க" என்பார்கள். வீட்டுவழிக் கல்வி கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு, அதுவும் பெற்றோர் விரும்பிக் கேட்டால் மட்டும். பள்ளி முடிவு செய்கிற விஷயமே இல்லை. 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

சேர்த்தாகிவிட்டதா, சரி, எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில், சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்று பதிந்தார்களா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். வட்டார வள மையத்திலிருந்து (பள்ளிகளுக்கு உதவ வட்டாரத்துக்கு ஒன்றாக இருக்கும் கல்வித் துறை மையம்) வரும் சிறப்பாசிரியர், இயன்முறை சிகிச்சை, மருத்துவ முகாம், சக்கர நாற்காலி, காதுக் கருவி எல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வருகின்றன. பேர் இல்லாத பிள்ளை வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும், 'மந்தம்' என்று பெயர் வேறு வாங்கும்.

சான்றும் வேண்டும்தான், உதவித்தொகைக்கு. பள்ளியில் சேர்த்துவிட்டு அதற்கு அலையுங்கள். யூடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டைக்கு, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது யாருடைய செல் நம்பரைக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், பாட்டி பிள்ளையோடு இங்கே நிற்பார், ஓடிபி அங்கே போகும், அன்றைய கூலியும் பஸ் காசும் போச்சு. ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து என்று இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள்.

தருமபுரியோ கிருஷ்ணகிரியோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் அந்தக் குறைபாட்டுக்கான டாக்டர் எந்தக் கிழமை சான்றுக்குப் பார்க்கிறார் என்று கேட்டுவிடுங்கள். மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள்! வள மையம் நடத்தும் முகாம் அருகில் வந்தால் விடாதீர்கள், டாக்டர்கள் அங்கேயே வருவார்கள்.

சான்றில் போடும் குறைபாட்டின் சதவீதத்தில்தான் பலர் அடிபடுகிறார்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதம் போதும், கை கால் போன்ற உடல் குறைபாடுகளுக்கு 75 வேண்டும். 40க்குக் கீழே போட்டுவிட்டால் பணம் கிடைக்காது, ஆனால் பள்ளியில் கிடைக்கும் உதவி அதனால் நிற்கக்கூடாது. "சதவீதம் கம்மி, சிறப்பாசிரியர் வரமாட்டார்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுதப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதுக்கு முன் சான்று தரமாட்டார்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் அதைக் கேட்பதே அநியாயம். தற்காலிகச் சான்று என்றால் முடியும் தேதியைப் பாருங்கள், தேதி தாண்டினால் உதவித்தொகைக்குச் சிக்கல் வரும்.

பள்ளி வள மையத்தைக் காட்டும், வள மையம் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் காட்டும், அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். நினைவில் வையுங்கள்: சான்றுக்கு ஆஸ்பத்திரி, பணத்துக்கு நல அலுவலகம், படிப்புக்குப் பள்ளியும் வள மையமும். எதுவும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். அசல் சான்றை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.