பெரிய வெடிப்பெல்லாம் அணுகுண்டு இல்லை

2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் ஒரு கிடங்கு வெடித்தது. மறுநாள் காலையில் அந்த வீடியோ எங்கள் திருவொற்றியூர் தெருவில் ஒரு போன் விடாமல் சுற்றி வந்தது. முதலில் புகை, அப்புறம் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய குடை விரிகிறது, கேமரா உருண்டு விழுகிறது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் இன்னொரு செய்தி வந்தது. அங்கே வெடித்த அதே அம்மோனியம் நைட்ரேட், 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது, சுமார் 700 டன், நம் மணலியில் கன்டெய்னர்களில் கிடக்கிறதாம்.

எதிர்வீட்டு அக்கா மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கேட்டார்: "தம்பி, மணலியில அணுகுண்டு மருந்து வெச்சிருக்காங்களாமே, நெசமா?"

"இல்லக்கா, அது உரம். கல்குவாரியில பாறை உடைக்கவும் அதுலதான் வெடி செய்வாங்க" என்றேன்.

"உரம்னா எப்படித் தம்பி காளான் மாதிரி எழும்பும்?"

நியாயமான கேள்வி. காளான் மேகத்தைப் பார்த்தால் நமக்கு ஹிரோஷிமா படம்தான் மனதில் வருகிறது. ஆனால் அந்த உருவத்துக்கும் அணுவுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரே இடத்தில், ஒரே நொடியில் ஏராளமான காற்று சூடானால் அது வேகமாக மேலே ஏறும். ஏறும்போது அடியிலிருந்து தூசியையும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். உச்சியில் பரந்து விரியும். அதுதான் காளான். பெய்ரூட்டில் தெரிந்த வெள்ளைக் குடை வெறும் நீர்த்திவலை. கடற்கரைக் காற்றில் இருந்த ஈரம், அழுத்த அலை கடந்துபோன நொடியில் குளிர்ந்து மேகமாகிவிட்டது. பின்னால் எழுந்த செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு.

ஆகவே வெடிப்பின் உருவத்தை வைத்து அணுகுண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. அளவை வைத்தும் முடியாது. ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

தீபாவளிக்கு வண்ணாரப்பேட்டையில் நாம் வாங்கும் ஆட்டம் பாம், பச்சைச் சணல் சுற்றிய அந்த உருண்டை, பெயரில் மட்டும்தான் அணு. அந்தப் பட்டாசும், டிஎன்டி என்ற ராணுவ வெடிமருந்தும், பெய்ரூட்டில் வெடித்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டும் ஒரே குடும்பம். மூன்றிலும் நடப்பது வேதிவினை. அணுக்கள் பழைய கூட்டாளிகளை விட்டுவிட்டுப் புதிய கூட்டாளிகளோடு சேர்கின்றன. இதில் வெளியே சுற்றும் எலக்ட்ரான்களுக்கு மட்டுமே வேலை. நடுவில் இருக்கும் அணுக்கருவை யாரும் தொடுவதில்லை. வெடிப்பதற்கு முன்னால் நைட்ரஜனாக இருந்தது வெடித்த பிறகும் நைட்ரஜன்தான்.

அணுகுண்டில் அந்தக் கருவே பிளக்கிறது. யுரேனியம் என்ற தனிமம் இல்லாமல் போய், பேரியமும் கிரிப்டானும் போன்ற வேறு தனிமங்கள் பிறக்கின்றன. ஒரு வேதிவினையில் ஓர் அணுவுக்குக் கிடைப்பது சில எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) ஆற்றல். ஒரு யுரேனியம் கரு பிளந்தால் கிடைப்பதோ சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். கறாராகச் சொன்னால் "அணுக்கருக் குண்டு" என்பதுதான் சரியான பெயர். பட்டாசுக்கும் ஆற்றல் அணுக்களிலிருந்துதானே வருகிறது? ஆனால் "ஆட்டம் பாம்" என்று உலகம் முதலில் கூப்பிட்டது, நாமும் "அணுகுண்டு" என்றோம், நிலைத்துவிட்டது.

ஒரு கரு பிளந்தால் மட்டும் ஊர் அழிந்துவிடாது. தொடர்வினை வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்ல கேரம் போர்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தெருமுனையில் பல்பு கட்டி, பவுடர் தூவி, நடுவில் 19 காயின்களையும் நெருக்கி அடுக்குகிறோம். ஸ்ட்ரைக்கரால் ஒரு அடி. காயின்கள் நாலா பக்கமும் சிதறுகின்றன, கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகின்றன. ஏன்? ஓடிய ஓட்டம் அத்தனைக்கும் ஆற்றல் கொடுத்தது உங்கள் விரல் மட்டும்தான்.

இப்போது ஒவ்வொரு காயினுக்குள்ளும் முறுக்கிய சுருள்வில் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் பட்டதும் காயின் இரண்டாகப் பிளந்து, தன் உள்ளிருந்து இரண்டு மூன்று புது ஸ்ட்ரைக்கர்களை வீசுகிறது. அவை வேறு காயின்களை அடிக்கின்றன. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, நான்கு எட்டாக. அந்த ஸ்ட்ரைக்கர்தான் நியூட்ரான், கருவுக்குள் இருக்கும் ஒரு துகள். இப்படி சுமார் 80 முறை இரட்டித்தால் போதும், ஒரு கிலோ யுரேனியத்தின் எல்லாக் கருக்களும் கணக்கில் வந்துவிடும். இத்தனையும் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. காயின்கள் குறைவாக இருந்தால் ஸ்ட்ரைக்கர்கள் எதிலும் படாமல் வெளியே ஓடிவிடும், வினை அணைந்துவிடும். தொடர்வினை தானாக நிற்காமல் ஓடுவதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவைத்தான் மாறுநிலை நிறை என்கிறார்கள்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் வெடித்த குண்டில் இருந்தது 64 கிலோ யுரேனியம். அதில் உண்மையில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒரு கிலோ யுரேனியம் என்பது ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். அது கொடுத்த வெடிப்பு 15,000 டன் டிஎன்டிக்குச் சமம். லாரிக்கு 20 டன் என்று ஏற்றினால் 750 கன்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் லாரி வரிசையை நாம் தினமும் பார்க்கிறோம். அந்த 750 லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை போகும். ஒரு பக்கம் அந்த வரிசை, இன்னொரு பக்கம் ஒரு எலுமிச்சம்பழம். அந்த வருட முடிவுக்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். உரம் வெடித்தால் அழுத்த அலை கொல்லும், தீ கொல்லும். அணுகுண்டு அவற்றோடு கதிர்வீச்சாலும் கொன்றது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாதவர்கள் சில வாரம் கழித்து முடி கொட்டி, ரத்தம் கெட்டு இறந்தார்கள். "அணுகுண்டு" என்ற சொல்லை வாய்க்கு வந்தபடி பயன்படுத்தும்போது எனக்கு மனம் ஒப்பாததற்கு இதுதான் காரணம்.

சரி, "அணு ஆயுதம்" என்பது? அது இன்னும் பெரிய கூடை. கரு பிளக்கும் குண்டும் அதில் அடங்கும், ஹைட்ரஜன் கருக்கள் இணையும் குண்டும் அடங்கும். இணைவைத் தொடங்கி வைக்கவே உள்ளே ஒரு பிளவுக் குண்டு தேவைப்படுகிறது. 1954இல் பிகினி தீவில் அமெரிக்கா சோதித்த அப்படி ஒன்று ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு இருந்தது.

லத்தீன் அமெரிக்க நாடுகள் 1967இல் செய்துகொண்ட ட்லாடெலோல்கோ ஒப்பந்தம் இந்தச் சொல்லுக்கு அழகாக வரையறை தந்தது. அணுக்கரு ஆற்றலைக் கட்டுப்பாடில்லாமல் வெளியிடக்கூடியதாக இருக்க வேண்டும், போருக்கு ஏற்ற தன்மைகளும் இருக்க வேண்டும். சுமந்து செல்லும் வாகனத்தைத் தனியே பிரிக்க முடியுமென்றால் அது கணக்கில் சேராது. அதனால்தான் அக்னி ஏவுகணையைச் செய்தித்தாள்கள் "அணு ஆயுதம் சுமக்கும் திறன் கொண்டது" என்று எழுதுகின்றன. அணு உலையால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல் எல்லாம் அணு ஆயுதக் கப்பலும் அல்ல. சாதாரண வெடிமருந்தால் கதிரியக்கப் பொருளைச் சிதறடிக்கும் குண்டும் இந்த வரையறைக்குள் வராது, ஏனென்றால் அதில் வெடிப்பைத் தருவது வேதிவினைதான்.

நோக்கமும் பெயரை மாற்றும். 1974 மே 18 அன்று பொக்ரானில் நடந்ததை இந்தியா அமைதி நோக்கிலான அணு வெடிப்பு என்றது. 1998 மே மாதச் சோதனைகளுக்குப் பிறகுதான் தன்னை அணு ஆயுத நாடு என்று அறிவித்தது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமோ 1967 ஜனவரி 1க்கு முன் வெடித்துக் காட்டிய ஐந்து நாடுகளுக்கு மட்டுமே அந்தப் பெயரைக் கொடுக்கிறது. அதில் இந்தியா கையெழுத்திடவே இல்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு அக்கா, "அப்ப கல்பாக்கம்?" என்றார். கல்பாக்கத்தின் பழைய இரண்டு உலைகளும் இயற்கை யுரேனியத்தில் ஓடும்படி கட்டப்பட்டவை. எளிதில் பிளக்கும் யுரேனியம்-235 அதில் 0.7 சதவீதம்தான். குண்டுக்குச் செறிவூட்டும்போது அதை 90 சதவீதத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கேரம் போர்டில் பெரும்பாலான காயின்களுக்குச் சுருள்வில்லே இல்லாத மாதிரி. அதனால் அந்த உலை அணுகுண்டாக வெடிக்காது. உலையில் விபத்து நடக்கலாம், கதிரியக்கம் கசியலாம், அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2011இல் ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். ஆனால் அங்கே கட்டடத்தைப் பிய்த்தெறிந்தது ஹைட்ரஜன் வாயு ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்த வேதி வெடிப்பு.

மணலியைப் பற்றி அவர் பயந்ததும் வீண் இல்லை. பெய்ரூட்டில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே கன்டெய்னர்கள் ஹைதராபாத்துக்குக் கிளம்பத் தொடங்கின. செய்தி வந்த அன்று அக்கா மொட்டை மாடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, அந்த உரம் கிளம்பிடுச்சாம்."