பேருந்துக்கு ஏது அதிர்வெண்?

சென்ற வாரம் பினாங்கு கொம்தார் நிறுத்தத்தில் 101-ஆம் எண் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் கைப்பேசியில் வந்த தமிழ் அறிவிப்பைக் காட்டி, "இது என்னாங்க சார்?" என்றார். 'பேருந்து அதிர்வெண்: 15 நிமிடங்கள்' என்றிருந்தது. எத்தனையாவது தடவையாக இதைப் பார்க்கிறேனோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

அதிர்வெண் என்று இங்கே பெயர்த்திருப்பது ஆங்கில 'ஃபிரீகுவென்சி'யை. அதற்கு இலத்தீன் மூலம் 'ஃபிரீக்வென்ஸ்'. நெருங்கித் திரண்டது, கூட்டமானது என்பது அதன் பழைய பொருள். 'அடிக்கடி' என்பது பிறகு கிளைத்தது. பேருந்து அடிக்கடி வராத தடத்தில்தான் கூட்டம் திரள்கிறது என்பது வேறு கதை.

அதிர்வெண் நல்ல சொல்தான், அதன் இடத்தில். ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று சொல்ல இயற்பியலுக்காகக் கட்டியது, அலகு ஹெர்ட்ஸ். வானொலிக்குப் பொருந்தும். 1975 முதல் 1998 வரை கோலாலம்பூரில் ஓடிய இளஞ்சிவப்புப் பஸ் மினியில் ஏறியவர்கள் வேண்டுமானால் அதற்கும் பொருந்தும் என்பார்கள். அந்த அறிவிப்பில் இன்னொரு பிழையும் உண்டு. எத்தனை தடவை என்று சொல்லவேண்டிய எண்ணை நிமிடத்தில் சொல்கிறது.

மலாய்க்காரர்கள் இதில் தடுமாறவில்லை. இயற்பியல் பாடத்தில் 'ஃபிரெகுவென்சி', பேருந்துக்கும் புள்ளியியலுக்கும் 'கெகெராப்பான்'. நம் மொழிபெயர்ப்பாளர் கையில் மலாய் மூலம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மனத்துக்குள் ஆங்கிலத்துக்குத் தாவி, அங்கிருந்து அகராதியின் முதல் வரியில் குதிக்கிறார். இப்போது அந்த வேலையையும் கணினியிடம் கொடுத்துவிட்டு, வந்ததை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதுகூட இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நண்பர் ஒருவர் 'அலைவெண்' என்று பிடிவாதம் பிடிக்கிறார். பேருந்து போகிறது, திரும்பி வருகிறது, ஊசலும் அப்படித்தானே என்பது அவர் வாதம். ஊசலில் போய்த் திரும்பினால்தான் ஓர் அலைவு. நிறுத்தத்தில் நிற்பவருக்கோ எதிர்த்திசையில் போகும் வண்டி கணக்கிலேயே இல்லை. தெலுக் பஹாங் போகவேண்டியவர் ஜெட்டி போகும் வண்டியை எண்ணி என்ன செய்வார்? தவிர, தமிழ்க் காதுக்கு அலைவது பயணிதான், பேருந்து அல்ல. 'நிகழ்வெண்' புள்ளியியலுக்குச் சரி. ஆனால் பேருந்து வருவதை 'நிகழ்வு' என்றால் திருவிழா போலத் தோன்றுகிறது. (சில தடங்களில் அதுவும் உண்மைதான்.) இலங்கைத் தமிழரின் 'மீடிறன்' எனக்குப் பிடிக்கும். மீள், திறன் இரண்டும் அழகாகப் புணர்ந்த சொல். ஆனால் இங்கே அதற்கே தனி விளக்கம் எழுதவேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் சொல் நம் வாயிலேயே இருக்கிறது: நடை. லோரிக்காரர் "இன்னைக்கு நாலு நடை அடிச்சாச்சு" என்கிறார். தமிழ்நாட்டுப் பேருந்துகளும் நடைக்கணக்கில்தான் ஓடுகின்றன. மணிக்கு எத்தனை நடை என்பதை 'நடையெண்' என்றால் போதும்.

அறிவிப்பு சொல்ல நினைத்த 15 நிமிடம் நடையெண்ணே அல்ல. ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் உள்ள நேரம் அது, ஆங்கிலத்தில் ஹெட்வே. அதைச் சிலர் 'சேவை இடைவெளி' என்கிறார்கள். படித்தால் சேவையே நின்றுபோனது போல இருக்கிறது. 'நடை இடைவெளி' எனலாம். இரண்டையும் பிரித்துச் சொல்வது வெறும் தமிழ்ப் பற்றுக்காக அல்ல. மணிக்கு 6 நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே 6 வண்டியும் நெரிசலில் சிக்கி இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு 20 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் 10 நிமிடம். நடையெண் மாறவில்லை, கால்வலி இரட்டித்துவிட்டது. வளரும் நாடுகளின் நகரப் பேருந்துகளை மதிப்பிட உலக வங்கி 1987-இல் வெளியிட்ட அறிக்கை, சராசரிக் காத்திருப்பு 5 முதல் 10 நிமிடம் இருக்கலாம் என்று அளவுகோல் வைத்தது. ஓடிய நடையை மட்டும் எண்ணிக் காட்டும் நிறுவனம் அந்தச் சோதனைக்கு நிற்காது.

'நடை இடைவெளி' என்றால் நடந்துபோகும் தூரம் என்று நினைப்பார்கள் என நண்பர் இன்னமும் முணுமுணுக்கிறார். தண்ணீர்மலைக் கோயிலில் "நடை சாத்தியாச்சு" என்றால் அவர் மட்டும் செருப்பைத் தேடுவாரா?