ஏ.டி.எச்.டி. குழந்தைக்கு அறிவுரையை விடக் கண்ணாடியில் ஒட்டிய தாள் ஏன் அதிகம் உதவுகிறது?

"பல் தேய்ச்சிட்டு, யூனிபார்ம் போட்டுக்கிட்டு, வாட்டர் பாட்டிலை எடுத்துக்கிட்டு வா" என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறோம். அதில் மூன்று வேலை இருக்கிறது. முதல் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த இரண்டையும் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும், இதற்குச் செயல்நினைவு என்று பெயர், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) உள்ள பல குழந்தைகள் இடறுவது இங்கேதான். பாத்ரூமுக்குப் போன பிள்ளை பேஸ்ட் டியூபின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டு நிற்கும், பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பிரஷ் நனைந்துகூட இருக்காது. திமிர், சோம்பேறித்தனம், வளர்ப்பு சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மூன்றும் தவறு. சாயங்காலம் உட்கார வைத்துக் கேட்டால் காலையில் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக ஒப்பிக்கும். செய்ய வேண்டிய அந்த நிமிடத்தில்தான் அது கைகொடுப்பதில்லை.

இதற்கு மூளையில் காரணம் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷா குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஏ.டி.எச்.டி. உள்ள 223 குழந்தைகளையும் இல்லாத 223 பேரையும் எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து ஒப்பிட்டார்கள். மூளையின் வெளி அடுக்கான புறணியில் பாதிப் பகுதி தன் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றவர்களுக்கு ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. வளரும் வரிசை ஒன்றுதான், நேரம்தான் தள்ளிப்போகிறது. திட்டமிடுவது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது போன்றவற்றுக்குப் பொறுப்பான முன்பகுதியில்தான் இந்தத் தாமதம் மிக அதிகம். கைகாலை அசைக்கும் பகுதியோ இவர்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே முதிர்ந்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் சுயகட்டுப்பாட்டில் ஏழு வயதை எதிர்பாருங்கள் என்று உளவியலாளர் ரசல் பார்க்லி ஒரு தோராயக் கணக்குச் சொல்வார். எனக்கு இது மிகவும் உபயோகமான கணக்காகப் படுகிறது, ஏனென்றால் பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும்.

பார்க்லி இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்வார்: உதவி, வேலை நடக்கும் இடத்திலேயே, நடக்கும் நேரத்திலேயே இருக்க வேண்டும். அதாவது மனதில் நிற்காததை வெளியே எடுத்து வைப்பது. பாத்ரூம் கண்ணாடியில் நான்கு படம் வரைந்த ஒரு தாள். ஷூ ரேக்குக்குப் பக்கத்திலேயே, ராத்திரியே அடுக்கி வைத்த ஸ்கூல் பை. "இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு" என்று சொல்வது இந்தக் குழந்தைக்கு வெறும் சத்தம், அதுவே மணல் கடிகாரத்தில் மணல் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. சமையலறையிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள், அது முடிந்த பிறகு அடுத்தது.

அப்புறம் பரிசு. "முழுப் பரீட்சையில நல்ல மார்க் எடுத்தா சைக்கிள்" என்பது மற்றப் பிள்ளைகளிடம் ஓரளவு எடுபடும். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தையின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் விதம் வேறு, என்றைக்கோ கிடைக்கப்போகும் பெரிய பரிசை விட இப்போதே கிடைக்கும் சின்னது அதை அதிகமாக இழுக்கிறது. அதனால் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: எழுந்தாச்சு, பல் தேய்ச்சாச்சு, யூனிபார்ம், ஷூ. ஒவ்வொன்றும் முடிந்த உடனே, அடுத்ததற்குப் போகும் முன்பே ஒரு ஸ்டிக்கர், கூடவே "நான் சொல்லாமலே சாக்ஸ் எடுத்துட்டியே" என்பது போல, எதைப் பாராட்டுகிறோம் என்று தெரிகிற ஒரு வார்த்தை. மூன்று ஸ்டிக்கர் சேர்ந்தால் அன்றைக்கே ஏதாவது, அப்பாவோடு பதினைந்து நிமிடம் கேரம், ராத்திரிக்கு என்ன டிபன் என்று முடிவு செய்யும் உரிமை, அவ்வளவுதான். நான்கும் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், முதல் வாரம் பிள்ளை ஜெயிக்கட்டும். ஒருமுறை கொடுத்த ஸ்டிக்கரைக் கோபத்தில் பிய்த்து எடுத்தால் அந்தத் தாள் மேல் பிள்ளைக்கு நம்பிக்கையே போய்விடும். பரிசும் சீக்கிரம் சலித்துப்போகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அடியால் பிள்ளைக்குப் பயம் வரும், பொய் சொல்லப் பழகும், செயல்நினைவு மட்டும் வளராது.

படிக்கும்போது கால் ஆட்டுவது, எழுந்து எழுந்து நிற்பது இதையெல்லாம் நிறுத்தப் பார்க்காதீர்கள். 8 முதல் 12 வயதுப் பையன்களை வைத்து 2015-இல் வந்த ஒரு ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் எவ்வளவு அதிகமாக அசைந்தார்களோ அவ்வளவு நன்றாகச் செயல்நினைவுச் சோதனைகளைச் செய்தார்கள். அந்த அசைவு, மூளை தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ளும் வழியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. நின்றுகொண்டு வாய்ப்பாடு சொன்னால் சொல்லட்டும். வீட்டுப்பாடத்துக்கு முன் 20 நிமிடம் ஓடி விளையாட விடுவதும் நல்லது.

இனிப்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 1994-இல் ஒரு சோதனையில், பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்திருப்பதாகச் சில அம்மாக்களிடம் சொன்னார்கள், உண்மையில் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். அப்படியும் அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளை அதிகமாகத் துறுதுறுவென்று இருந்ததாகச் சொன்னார்கள், பிள்ளையை அதிகம் குறையும் சொன்னார்கள். பல்லுக்காகச் சர்க்கரையைக் குறையுங்கள், ஏ.டி.எச்.டி.க்குக் காரணம் அது இல்லை.

மருந்து வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டி, 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் சொல்கிறது, 6 வயதுக்கு மேல் மருந்தையும் இதையும் சேர்த்துச் சொல்கிறது. பிள்ளைக்கு எது தேவை என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மருந்து கொடுத்தாலும் கண்ணாடியில் ஒட்டிய தாள் அங்கேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, ஏ.டி.எச்.டி.யில் பரம்பரையின் பங்கு மிக அதிகம், இரட்டையர் ஆய்வுகள் 70 முதல் 80 சதவீதம் வரை சொல்கின்றன. ஆகவே தாள் ஒட்டி, மூன்றாம் நாளே அதை மறந்துவிடும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அதே சிக்கல் இருக்கலாம். அதனால் காலை, வீட்டுப்பாடம், தூக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தக் கிளம்ப வேண்டாம். வீட்டில் தினமும் சண்டை வரும் ஒரே ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து தொடங்குங்கள், உங்கள் போனிலும் அதற்கு ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.